கரண்டு இல்லாத கம்பி

கோயம்புத்தூரில் இறங்கிய முதல் காலையிலேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த ஊரில் யாரும் யாருக்கும் 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் தங்கியிருந்த விடுதியில் வெந்நீர் வருமா என்று கேட்டேன். "வருமுங்க" என்றார் மேசையில் இருந்தவர். வரவில்லை. மறுபடி இறங்கிப்போய்க் கேட்டேன். "வந்துருமுங்க" என்றார். பச்சைத் தண்ணீரில் குளித்து நடுங்கிக்கொண்டு வந்தவனிடம், "குளிருதுங்களா?" என்று அக்கறையோடு விசாரித்தவரும் அவரேதான். அவர்மேல் கோபப்படவே முடியவில்லை. எங்கள் ஊரில் இருந்தால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லியிருப்பேன்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துக்காரன். பெயர் சந்திரன். நெல்வயலுக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கும் ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கும் ஒரு கம்பெனியில் தரையில் நிற்கிற வேலை. தொண்ணூறுகளின் நடுவில் இந்தியக் கம்பெனி ஒன்று எங்களிடம் மருந்து தெளிக்கும் சாதனம் வாங்கியது. அதை அவர்களுடைய ஹெலிகாப்டரில் மாட்டி, கொங்கு நாட்டுப் பருத்திமேல் பறந்து காட்டிவிட்டு வரவேண்டும் என்று எங்கள் விமானி கேப்டன் லிம்மையும், அவருக்குத் தமிழ் வேண்டுமே என்று என்னையும் அனுப்பினார்கள். அனுமதி வாங்கிய கதையை எழுதினால் படிப்பவர்கள் தூங்கிவிடுவார்கள். விட்டுவிடுகிறேன்.

தரையில் நிற்கிறவனுக்கு என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து தெளிக்கும்போது லிம் பறக்கும் உயரம் ஒரு தென்னையில் பாதிகூட இருக்காது. செடியின் தலையை உரசாத குறையாகப் போய், வரப்பு வந்ததும் மேலே ஏறித் திரும்பி, மறுபடி இறங்கவேண்டும். அந்த உயரத்தில் எமன் என்பது கம்பி. வயலின் குறுக்கே ஒரு கம்பி போனால் அது கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது நேரம் இருக்காது. ஆகவே முந்தின நாளே நான் வயலை நடந்து பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும். நான் 'இல்லை' என்றால் அவர் இறங்குவார். அவருடைய உயிர் என் வாயில் இருக்கிறது என்று ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஹெலிகாப்டர் மறுநாள்தான் வரும். முதலில் இடத்தைப் பார்ப்பதற்காக வேனில் கிளம்பினோம். பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தோட்டம். டீக்கடையில் வழி கேட்டால், "இதா பக்கந்தானுங்க, நேராப் போனீங்கன்னா வந்துரும்" என்றார்கள். நேராகப் போனோம். வரவில்லை. அடுத்த கடையிலும் பக்கம்தான். அதற்கடுத்த கடையில் பக்கத்திலும் பக்கம். நடுவில் டயர் பஞ்சராகி, டிரைவர் அதைக் கழற்றி மாட்டும்வரை ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த வழியாகப் போன எல்லோரும் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். இவர்களுடைய 'பக்கம்' எத்தனை மைல் என்று லிம் கேட்டார். கேட்டவன் மனம் சோர்ந்துபோகக் கூடாது என்பதற்காகச் சொல்லும் தூரம் அது என்று விளக்கினேன்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது வேலுச்சாமி வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். பருத்தி முழுக்க அவருடையது. வீடும் தோட்டத்துக்கு நடுவிலேயே. "ஏனுங்க, வாங்க வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க" என்று எங்களைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார். லிம்மின் பெயரைச் சொன்னேன். அவர் காதில் அது எப்படி விழுந்ததோ, அந்த நிமிடத்திலிருந்து லிம் 'லிங்கம் சார்' ஆகிவிட்டார். சீன முகத்தோடு ஒரு லிங்கம் வந்திருப்பதில் அந்த ஊரில் யாருக்கும் வியப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

வேலுச்சாமியின் மனைவி ருக்மணி அக்கா இலை போட்டுச் சந்தகை பரிமாறினார், கொங்கு நாட்டு இடியாப்பம். மேலே வெல்லம் கரைத்த தேங்காய்ப்பால். லிம் ஒரு வாய் வைத்ததும் கண்களை விரித்து, "புட்டு மாயம்!" என்றார். எங்கள் ஊரில் தமிழர்கள் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து விற்கும் பலகாரம் அது. சின்ன வயதில் அதற்காகவே காலையில் எழுந்திருப்பாராம். கடல் தாண்டி வந்து அதைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. அக்கா அதை 'இன்னும் போடுங்கள்' என்பதற்குச் சீனச் சொல் என்று எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் அங்கே இருந்தவரை, லிம் இலையைவிட்டு எழுந்திருக்கப் பார்ப்பதும், "இன்னும் ஒரே ஒரு வாய் சாமி" என்று அக்கா மறிப்பதும், லிம் தோற்பதும் தினசரி நிகழ்ச்சி.

சாப்பிட்டபின் நடந்து பார்க்கக் கிளம்பினோம்.  எங்களுக்குத் தோட்டம் என்றால் எஸ்டேட். ஒரு கோடியில் நின்றால் மறு கோடி தெரியாது. நெல்வயலும் அப்படித்தான், கம்பமே இல்லாமல் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். கொங்கு நாட்டில் தோட்டம் என்பது கிணறும் அதைச் சுற்றிய சில ஏக்கரும். தோட்டத்துக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு லைன். திரும்பின பக்கமெல்லாம் கம்பம். லிம் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அவர் பயந்தால் செய்வது அது.

"இங்கே மின்சாரக் கம்பி எங்கெங்கே போகிறது?" என்று வேலுச்சாமியைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். வானொலிச் செய்தி கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார். "கம்பின்னா நாங்க வேலிக்குப் போடறதுங்க. இதைக் கரண்டுன்னே சொல்லலாமுங்க" என்று எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து நானும் கரண்டு என்றே கேட்டேன். "இங்க கரண்டு போகுதுங்களா?" என்றால் வேலை செய்கிறவர்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். நல்ல வசதியாக இருந்தது.

மாலைக்குள் வேலுச்சாமி தோட்டத்தின் ஒவ்வொரு லைனையும் பார்த்துப் படம் போட்டுக்கொண்டோம். கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு என்பது லிம்மின் வழக்கம். பழைய அலுமினியக் கம்பி வானத்தின் நிறத்துக்கு வந்துவிடும். காலைச் சூரியன் எதிரே இருந்தால் கேட்கவே வேண்டாம். கம்பம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பார்த்தபின்பும் அவர் மறந்துவிடுவாராம். ஆகவே ஒவ்வொரு வயலையும் முதலில் உயரத்தில் ஒரு வட்டம் அடித்து, மறுபடி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

இதற்குக் காரணம் உண்டு. எங்கள் கம்பெனியில் முன்பு ஒரு விமானி இருந்தார், லிம்முக்கு நெருங்கிய நண்பர். ஒரு காலை முழுவதும் ஒரு கம்பிக்கு மேலே ஏறி ஏறிப் பறந்தவர், எல்லாம் முடிந்தபிறகு ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு விட்டுப்போயிருப்பதைக் கண்டார். அதையும் முடித்துவிடலாம் என்று திரும்பினார். கம்பி அங்கே இருப்பது மற்ற எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய வீட்டுக்குப் போய்ச் செய்தி சொன்னவர் லிம். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பேசிவைத்ததற்கு மேல் இன்னும் ஒரு சுற்று என்று யார் கேட்டாலும் அன்றைக்குக் கிடையாது. முதலாளியே கேட்டாலும் கிடையாது.

மறுநாள் ஹெலிகாப்டர் வந்து இறங்கியபோது ஊரே திரண்டிருந்தது. வேலை வெளிச்சம் வந்ததும் தொடங்கும். வெயில் ஏறிக் காற்று எழும்பினால் லிம் நிறுத்திவிடுவார். காற்றில் மருந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். இன்னும் எவ்வளவோ பொழுது இருக்கிறதே என்று பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். லிம் கை அலம்பிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் டிரம்மில் மருந்து கலப்பதும், பெட்ரோல் ஊற்றுவதும், கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்வதுமாகத் தொண்டை கட்டிப்போய் அலைந்தேன். தள்ளி நிற்கச் சொன்னால் எல்லோரும் "சரிங்க" என்பார்கள். நகரமாட்டார்கள்.

ஊருக்கு லைன்மேன் ஒருவர் இருந்தார். தினமும் வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, "வாரேனுங்க" என்று லிம்மிடம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று லிம் கேட்டார். வருகிறேன் என்று அர்த்தம் என்றேன். அவர்தான் போகிறாரே என்றார். இங்கே போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், போகிறேன் என்று சொன்னால் நல்லதில்லை என்று விளக்கினேன்.  எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கட்டாயம் கற்றுக்கொள்ளவேண்டிய சொல் இது என்று, லிம் பலமுறை சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டார்.

இடையில் ஒருநாள் மருந்துக் குழாயின் பித்தளை இணைப்பு விண்டுபோயிற்று. வேன் பெட்ரோல் எடுக்கப் போயிருந்ததால் பஸ்ஸில் கோயம்புத்தூர் கிளம்பினேன். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்த பாவத்துக்கு, நின்றுகொண்டிருந்த அம்மாள் ஒரு கூடைத் தக்காளியை "செத்த வெச்சுக்குங்க கண்ணு" என்று என் மடியில் வைத்தார். பிறகு பின்னால் போய்த் தானும் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார். கூடை என்னிடமே இருந்தது. சிங்காநல்லூர்வரை நான் தக்காளிக்காரனாகவே பயணம் செய்தேன்.

உக்கடம் பக்கம் ஒரு பாயுடைய லேத்துப் பட்டறையைக் காட்டினார்கள். அவர் உடைந்ததைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி, வீட்டிலிருந்து பிரியாணி வரவழைத்து, நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு கடைந்துவிட்டார். ஒன்று போதுமே என்றேன். மேலே போகிற சாமானுக்கு ஒன்று எப்படிப் போதும் என்று அவரே இரண்டையும் பொட்டலம் கட்டினார். நான் கோயம்புத்தூரில் சாப்பிட்டவற்றில் முதல் இடம் அந்தப் பிரியாணிக்குத்தான். ருக்மணி அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

பேசிவைத்த பருத்தி முழுவதும் ஒரு காலையில் முடிந்தது. ஒரு கோளாறும் இல்லை. மறுநாள் மத்தியானம் நாங்கள் கிளம்பவேண்டும். வேலுச்சாமிக்கு வாயெல்லாம் பல். லிம் இருக்கையிலேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். டாங்கில் இன்னும் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தது. அப்போதுதான் வேலுச்சாமி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். அவருக்குப் பின்னால் மாரப்பன் நின்றார்.

மாரப்பனை நான் தினமும் பார்த்திருக்கிறேன். வண்டிப்பாதைக்கு அந்தப்பக்கத் தோட்டம் அவருடையது. நாலு ஏக்கர் பருத்தி. கூட்டத்தில் கடைசியாக நிற்பார், எதுவும் கேட்கமாட்டார். அவருடைய பருத்தியிலும் அதே காய்ப்புழுதான். அவரும் அவர் மனைவியும் முதுகில் மிஷினைக் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப மருந்தடித்தும் புழு அடங்கவில்லை. மிச்சம் இருக்கிற மருந்தை அங்கே ஒரே ஒரு சுற்று அடித்துவிட்டால் மனுசன் பிழைத்துப்போவான் என்று வேலுச்சாமி சொன்னார். மாரப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் லிம்மிடம் சொன்னேன். கம்பி உண்டா என்று அவர் கேட்டார். நான் வேலுச்சாமி பக்கம் திரும்பி, "அங்க கரண்டு இருக்குதுங்களா?" என்றேன்.

"கரண்டு இல்லீங்க" என்றார், நல்ல உறுதியாக. அந்த ஊருக்கு வந்து நான் கேட்ட முதல் 'இல்லீங்க' அதுதான். அதனால்தான் அவ்வளவு எளிதாக நம்பினேனோ என்னவோ.

இல்லையாம் என்று லிம்மிடம் சொன்னேன். நீ பார்த்தாயா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை, அவர் சொல்கிறார் என்றேன். லிம் தலையை அசைத்துக்கொண்டார், அவருடைய பிடிவாதம் இன்றைக்குத் தளர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். பலகாரம் ஆறிப்போகும், கொஞ்சம் தாமதமாகும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று நான் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

அடுப்படியில் ருக்மணி அக்கா ஆட்டுக்கல்லில் தேங்காய் ஆட்டிக்கொண்டிருந்தார். மிக்சி பக்கத்திலேயே இருக்கிறதே என்று சும்மா கேட்டேன்.

"கரண்டு இல்லீங்களே கண்ணு. உங்க வெமானத்துக்குத்தான் லைன்மேன் வந்து பீஸைப் புடுங்கிப்போட்டுப் போனாரு. மாரப்பன் தோட்டத்து மேல போற லைனில்லீங்களா, பட்டாச் சாக்கடிச்சுருமுன்னு இவிய சொல்லி நிறுத்திப்போட்டாங்க. லிங்கம் சாருக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நீங்க பயப்படாதீங்க."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கால் தானாக ஓடியது. கரண்டு இல்லை. கம்பி இருக்கிறது. நான் கேட்டதற்கு வேலுச்சாமி உண்மையைத்தான் சொன்னார். விருந்தாளி உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்று லைன்மேனைப் பிடித்து, வீட்டு மிக்சி முதற்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் சொன்னார். ஆனால் ஹெலிகாப்டரை ஷாக் கொல்வதில்லை. செத்த கம்பியும் அதே கம்பிதான். இறக்கையில் சுற்றினால் முடிந்தது.

பருத்திச் செடிகளுக்கு நடுவே ஓடினேன். எஞ்சின் சத்தம் கேட்டது. கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழா மலாயா என்றும் தெரியாது. லிம்முடைய மனைவியின் முகம்தான் கண்ணில் நின்றது. விமான நிலையத்தில் என்னிடம் பத்திரம் என்று சொன்னவர். சோளத்தட்டுப் போரைத் தாண்டித் திரும்பினால், அது யாரோ ஓட்டிவந்த டிராக்டர். ஹெலிகாப்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. லிம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னேன். லிம் பழத்தோலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ பார்க்கவில்லை என்று சொன்னபோதே இருக்கையைவிட்டு இறங்கிவிட்டேன்" என்றார். "இங்கே எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். வேலை முடிந்தது, பசிக்கிறது, டாங்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கேட்கிறவர் நல்ல மனிதர். இதெல்லாம் ஒன்றாக வந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது." அன்றைக்கு என்றால் எந்த நாள் என்று நான் கேட்கவேண்டியதில்லை.

நாலு பேருமாக மாரப்பன் தோட்டத்துக்கு நடந்தோம். லைன் இருந்தது. ஒரு கம்பம் வண்டிப்பாதை ஓரத்தில், இன்னொன்று வயலுக்கு நடுவில், கிணற்றடிக் கம்பம் தென்னை மட்டைகளுக்குள் முழுகிக் கிடந்தது. அதற்குத்தான் கம்பி சரிந்து போயிற்று, லிம் பறக்கும் உயரத்துக்கே. கிழக்குப் பார்த்து நின்றால் வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. வேலுச்சாமிக்கு நாங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறோம் என்றே புரியவில்லை. கரண்டுதான் இல்லையே, இப்போது தொட்டால்கூட ஒன்றும் ஆகாதே என்றார். இருட்டில் வண்டியில் வருகிறவனுக்குக் குறுக்கே கயிறு கட்டினால் அதற்குக் கரண்டா வேண்டும் என்று கேட்டேன். அவர் கம்பியைப் பார்த்தார், தூரத்தில் ஹெலிகாப்டரைப் பார்த்தார், அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே அனுப்பிப்போட்டிருப்பேனுங்களே" என்றார்.  லிம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், நாளைக் காலையில் மாரப்பனுக்கு அடித்துத் தருவதாகச் சொல் என்றார்.

அந்த ஊர்ப் பேச்சு எனக்கு அதற்குள் நன்றாகப் படிந்திருந்தது. அதில் எனக்குப் பெருமையும்கூட. நான் மாரப்பனிடம், "நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றேன். அவர் "சரிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பனி மூட்டத்தோடு அங்கே போனால், மாரப்பனும் அவர் மனைவியும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் மிஷினோடு ஒரு மூலையிலிருந்து மருந்தடிக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்களைக் கண்டு திகைத்துப்போனார்கள். நாங்கள்தான் வருகிறோம் என்று சொன்னோமே என்றேன்.

மாரப்பன் துண்டை அவிழ்த்தார். "நாளைக்குப் பாத்துக்கலாம்னா எங்கூர்ல ஆகாதுன்னு அர்த்தமுங்க. நான் அப்படியே நெனச்சுப்போட்டனுங்க" என்றார்.

என்ன சொல்கிறார் என்று லிம் கேட்டார். சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டேன். லிம் சிரித்துவிட்டு, நான் நாளைக்கு என்றால் நாளைக்குத்தான் என்று அவரிடம் சொல், உன் அலங்காரம் எதுவும் சேர்க்காதே என்றார். சொன்னேன். மாரப்பன் லிம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பங்களில் வெள்ளைத்துணி கட்டவேண்டும் என்றார் லிம். மறுபடி லைன்மேன் வந்து பீஸைப் பிடுங்கினார். இந்த முறை கம்பத்தில் ஏறுகிறவருக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது. அக்கா மறுபடி ஆட்டுக்கல்லுக்குப் போனார். வேலுச்சாமி தன் பழைய வேட்டிகளைக் கொண்டுவந்தார். பாதையோரக் கம்பத்துக்கும் நடுக்கம்பத்துக்கும் சுற்றியதில் அவை தீர்ந்துவிட்டன. தென்னைக்குள் மறைந்திருந்த கம்பம்தான் பொல்லாதது. மாரப்பன் வீட்டுக்குப் போய் ஒரு கரைவேட்டியை எடுத்துவந்தார். மடிப்புக் கலையாத வேட்டி. கல்யாணம் காட்சிக்குக் கட்டுகிறது என்று அவர் மனைவி முணுமுணுத்தார். மட்டையை வெட்டி விலக்கி, அதையே விரித்துக் கட்டினார்கள்.

லிம் மேலே ஒரு வட்டம் அடித்தார். வேட்டி கட்டிய கம்பம் மூன்றையும் எண்ணியிருப்பார். பிறகு லைனுக்கு இணையாக, அதை நெருங்காமல், நீளவாக்கில் போய்ப் போய் வந்தார். ஒவ்வொரு முறை அவர் தென்னைகளுக்கு அந்தப்பக்கம் மறையும்போதும் எனக்கு நெஞ்சு நின்று, மறுபடி தெரியும்போது ஓடியது. இத்தனை வருஷத்தில் அது பழகவே இல்லை. லைனுக்கு அடியில் ஒரு பட்டை மட்டும் விட்டுவிட்டு இறங்கினார். அதை மாரப்பன் கையால் அடித்துக்கொள்ளவேண்டும்.

கிழக்கு மூலையிலும் ஒரு சின்னத் துண்டு நனையாமல் கிடந்தது. எனக்குத் தெரிந்தது, வேலுச்சாமிக்கும் தெரிந்தது. அவர் அந்தத் துண்டைப் பார்த்தார், லிம்மைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடிக்கொண்டார். "சாப்பிடப் போலாமுங்க" என்று மட்டும் சொன்னார். கொங்கு நாட்டில் எங்களுக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்றைய சந்தகையில் லிம் எத்தனை முறை தோற்றார் என்று நான் பார்க்கவில்லை, நானே தோற்றுக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஹெலிகாப்டர் பக்கத்தில் எல்லோரும் கூடினார்கள். அக்கா ஒரு தூக்கில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் கட்டிக்கொடுத்தார். லிம் எல்லோரையும் கும்பிட்டு, பழகிவைத்திருந்த சொல்லை எடுத்தார்.

"வாரேனுங்க."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. மாரப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முதல்முறையாக முன்வரிசைக்கு வந்தார்.

"எப்பங்க வருவாரு?" என்று என்னிடம் கேட்டார்.

அது போகிறவர்கள் எல்லோரும் சும்மா சொல்கிற சொல்தானே என்றேன். "மத்தவிய சொன்னா அப்படிங்க. லிங்கம் சார் சொன்னா சொன்னதுதானுங்களே" என்றார்.

லிம்மிடம் மொழிபெயர்த்தேன், ஒரு சொல் கூட்டாமல். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, பருத்தியின்மேல் பார்வையை ஓட்டினார். அடுத்த பருத்தி போடும்போது வருகிறேன் என்றார். கம்பத்தில் கட்டியதை அதுவரை அவிழ்க்கவேண்டாம் என்றும் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். மாரப்பன் திரும்பித் தென்னைக்குள் இருந்த கம்பத்தைப் பார்த்தார். விசேஷத்துக்குக் கட்ட அவரிடம் இருந்த ஒரே நல்ல வேட்டி அங்கே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"சரிங்க" என்றார்.